விரல் நீட்டிய படம்

திங்கட்கிழமை காலையானால் முனிரத்தினத்துக்கு வயிறு எரியும். டாக்டர் அதற்கு வாயுத்தொல்லை என்று பெயர் வைத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பாவம், டாக்டருக்கு என்ன தெரியும்? திங்கட்கிழமைதான் 'தினத்தாரை' நாளிதழில் 'ஊர்க்குரல்' பகுதி வரும். ஊர்க்குரலில் எதிர்வீட்டுக் கோதண்டராமனின் கடிதம் வரும். கடிதத்தின் கீழே 'கோதண்டராமன், பென்னலூர்' என்று தடித்த எழுத்தில் பெயர் வரும். அந்தத் தடித்த எழுத்துக்கு எந்த மாத்திரையும் கேட்காது.

இருவருக்கும் ஒரகடத்தில் ஒரே கார் சீட் கம்பெனி, ஒரே லைன். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புகிறவர்கள். ஆனால் கடிதம் வந்த நாளில் சூப்பர்வைசர் கோதண்டராமனை மட்டும் "வாங்க சார்" என்பார். கேன்டீனில் அவருக்கு முதல் டீ. முனிரத்தினத்துக்கு ஆடை படிந்த டீ. கடிதத்தோடு சில சமயம் படமும் வரும். குப்பைத் தொட்டியையோ கம்பத்தையோ நோக்கி ஒரு விரல் நீண்டிருக்கும். முகம் இருக்காது. முகம் போட்டால் விளம்பரமாகிவிடும் என்பது பத்திரிகையின் கொள்கை. இருந்தாலும் நவரத்தின மோதிரத்தை வைத்து ஊரே அந்த விரலை அடையாளம் கண்டுகொள்ளும். விரலுக்குக்கூட வணக்கம் வைத்தார்கள் என்றால் மனுஷனுக்கு எரியுமா எரியாதா?

எழுதினால் நடந்தது, அதுதான் பெரிய கொடுமை. விளக்குக் கம்பத்தைப் பற்றி எழுதினார், விளக்கு வந்தது. வேகத்தடையைப் பற்றி எழுதினார், மஞ்சள் பெயின்ட்டோடு வந்தது. மறுவாரமே 'தினத்தாரை செய்தி எதிரொலி' என்று கொட்டை எழுத்தில் போட்டுக் கொண்டாடினார்கள். கோதண்டராமன் அதையெல்லாம் லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருந்தார். முனிரத்தினத்தின் மனைவி சரோஜா அந்த வீட்டுக்கு மோர் கேட்கப் போனாலும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

"ஆயிரம் சொல்லு, அண்ணன் எழுதினா நடக்குது. நீயும்தான் கீற, வூட்டு வாசல்ல காவா தொறந்து கெடக்குது" என்பாள்.

அது உண்மை. எதிர்ப்பக்கம் அரசாங்கமே வந்து குடியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு குழி. போன மழையின்போது, கம்பெனி தேடி வழி தவறிய கண்டெய்னர் லாரி ஒன்று சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்து, கால்வாய் மூடியை அப்பளமாக நொறுக்கிவிட்டுப் போனது. சரோஜா செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் வேலை செய்கிறாள். முதல் ஷிப்ட். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தக் குழியைத் தாண்டித்தான் அவள் தினமும் பஸ் ஏறினாள். அவள் தாண்டும்போதெல்லாம் உள்ளே படுத்திருக்கும் முனிரத்தினத்துக்கு நெஞ்சு ஒரு முறை நின்று ஓடும். இதையும் சொல்லிவிட வேண்டும். அவர் பொறாமைக்காரர்தான், கல்நெஞ்சக்காரர் இல்லை.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, தொழில்தட வடிகால் வாரியத்துக்கே நேராகப் போனார். உதவிப் பொறியாளர் நெல்லையப்பன் தெற்கத்திக்காரர், தங்கமான மனிதர். எழுந்து நின்று வரவேற்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"குழி இருக்குன்னு சொல்லுதிய. நான் நம்புதேன் அண்ணாச்சி. ஆனா ஆபீஸ் நம்பணும்லா? ஆபீஸ் பேப்பரைத்தான் நம்பும்."

"நீங்க ஒரு தபா வந்து கண்ணால பாருங்க சார்."

நெல்லையப்பன் பதறிப்போய்க் கதவைப் பார்த்தார். "சத்தமாச் சொல்லாதிய. கண்ணால பாக்கதுக்கு இங்க விதி கிடையாது. எனக்கு முன்னால இருந்தவரு ஒரு குழியைக் கண்ணால பாத்து மூடிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் விசாரணை நடக்கு. 'யாரு உன்னைய பாக்கச் சொன்னா'ன்னு கேக்காவ. பாவம், பதில் இல்ல அவருகிட்ட."

பிறகு அவர் பெருமையோடு எழுந்து, முனிரத்தினத்தைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினார். ஒரு பெரிய அறை. வாசலில் 'எதிரொலிப் பிரிவு' என்று பலகை. உள்ளே வரிசையாக மேஜைகள். எல்லா மேஜையிலும் கத்தரிக்கோல், பசை, அன்றைய நாளிதழ்.

"முன்னால புகார்ப் பிரிவு, ஆய்வுப் பிரிவுன்னு ரெண்டு கிடந்துச்சு. அங்க ஆளுவ சும்மா இருந்தாவ. எல்லாத்தையும் இதுல சேத்துட்டோம். காலைல பேப்பர் வரும், வெட்டுவோம், ஒட்டுவோம், மேல அனுப்புவோம், நடவடிக்கை எடுப்போம். தாரையில வந்துட்டுன்னு வைங்க, மறுநாளு மூடி உங்க வாசல்ல. வராத குழி, எங்களைப் பொறுத்தவரைக்கும் குழியே இல்ல."

முனிரத்தினத்துக்கு வருத்தம் வரவில்லை, உற்சாகம் வந்தது. குழி மூடும், பெயரும் வரும். தடித்த எழுத்தில் 'முனிரத்தினம், பென்னலூர்'. சூப்பர்வைசர் "வாங்க சார்" என்பதும், கோதண்டராமன் ஆடை படிந்த டீயைக் குடிப்பதும் கண்முன் வந்தன. அன்றே உட்கார்ந்து எழுதினார்.

'ஐயா, என் வீட்டு வாசலில் கால்வாய் மூடி உடைந்துவிட்டது. என் மனைவி விடியற்காலையில் அதைத் தாண்டி வேலைக்குப் போகிறாள். விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு மூடி போடவும்.'

தினத்தாரை அலுவலகம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் இருந்தது. கடிதப் பகுதிக்குப் பொறுப்பாளர் ராஜசேகர். அவர் கடிதத்தைப் படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"மிச்சம் எங்க சார்?"

"அவ்ளோதான் சார்."

"இது கடிதமே இல்லியே. மளிகைக் கடைக்கு சீட்டு எழுதின மாதிரி கீது. கடிதம்னா படிக்கிறவன் மனசு மாறணும். உங்க மனைவி விழுந்தா அது உங்க வூட்டு சமாச்சாரம். 'வாகன ஓட்டிகள் அவதி'ன்னு போடுங்க, ஊர் சமாச்சாரம் ஆயிடும்."

"அவ நடந்துதான் சார் போறா."

"நடந்து போறவங்களுக்காக எந்த ஆபீசர் சார் சேர விட்டு எழுந்திருப்பான்? அப்புறம், 'சமூக ஆர்வலர்கள் வேதனை'ன்னு ஒரு வரி."

"சமூக ஆர்வலர் யாரு சார்?"

"நீங்கதான்."

"வேதனை?"

"அதுவும் நீங்கதான். கடைசியில 'நடவடிக்கை எடுப்பார்களா?'ன்னு முடிக்கணும். 'எடுக்கவும்'னு முடிச்சா அதிகாரம் பண்ற மாதிரி ஆயிடும். கேட்டா தப்பில்ல. நாங்க ஆரம்பிச்ச நாள்லருந்து கேட்டுகினுதான் கீறோம்."

முனிரத்தினம் அங்கேயே நின்று திருத்தி எழுதினார். அவர் பயம் கடிதத்திலிருந்து போயிற்று. சரோஜா போனாள். விடியற்காலை போயிற்று. 'உயிர்ப்பலி ஏற்படும் அபாயம்' வந்து உட்கார்ந்தது. ராஜசேகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பதான் சார் கடிதம். எதிரொலி உத்தரவாதம் கொண்டாந்திருக்கீங்களா?"

"அது இன்னா சார்?"

"எதிரொலி வராத கடிதத்த நாங்க போடறதில்ல. ஒரு தபா தெரியாம போட்டோம், ஒண்ணியும் நடக்கல. ஆசிரியர் சாப்பாட்ட விட்டுட்டாரு. பத்திரிகைக்கு எவ்ளோ கேவலம்? வாரியத்துல 'மூடி போடப்போறோம்'னு எழுதி வாங்கினு வாங்க, அடுத்த வாரமே போட்டுடறேன்."

"அவங்க பேப்பர்ல வந்தாதான் போடுவேன்றாங்க."

"கரெக்டாதான சொல்றாங்க. அப்புறம் அதுக்குப் பேரு எதிரொலியா இருக்குமா?"

முனிரத்தினத்துக்குத் தலை சுற்றியது. கீழேயிருந்து வந்த பிரியாணி வாசனை வேறு. "அப்போ கோதண்டராமன் மட்டும் எப்படி சார்?" என்று கேட்டேவிட்டார்.

ராஜசேகர் முகம் மலர்ந்தது. "அவரு அனுபவஸ்தர். ஜல்லி கொட்டினப்புறம்தான் பேனாவையே எடுப்பாரு. கம்பம் வந்து எறங்கும், கடிதம் எழுதுவாரு. அவங்க நடுறதுக்குள்ள நாங்க போட்டுடுவோம். நீங்க குழியப் பாத்து எழுதறீங்க. அவரு ஜல்லியப் பாத்து எழுதறாரு. அதான் சார் வித்தியாசம்."

இதைக் கேட்டதும் வயிற்றெரிச்சல் குறைந்திருக்க வேண்டும். அடப்பாவி, இவ்வளவுதானா என்று சிரித்துவிட்டு வந்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. ஜல்லியைப் பார்த்து எழுதும் மூளை நமக்கு வரவில்லையே என்று இன்னும் எரிந்தது.

அந்த மாதமே தினத்தாரை கல்யாண மண்டபம் பிடித்து விழா எடுத்தது. கோதண்டராமனுக்கு 'எதிரொலிச் செம்மல்' பட்டம். முன்வரிசையில் எதிரொலிப் பிரிவு முழுவதும் கத்தரிக்கோலைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சரோஜா முனிரத்தினத்தை இழுத்துக்கொண்டு போயிருந்தாள். ராஜசேகர் மைக்கைப் பிடித்தார்.

"சிலர் கேட்கிறார்கள், பத்திரிகை என்ன சாதித்தது என்று. பெருமையோடு சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் நாங்கள் எழுதித் தீராத பிரச்சினை ஒன்றுகூட இல்லை. ஏனென்றால், தீராது என்று தெரிந்த பிரச்சினையை நாங்கள் ஒருநாளும் எழுதியதில்லை!"

மண்டபம் அதிர்ந்தது. நெல்லையப்பன் எழுந்து நின்று தட்டினார். பிறகு வாரியத்தின் சார்பில் அவரும் பேசினார்: "தாரை ஊதாம நாங்க நடந்ததில்ல. ஊதினப்புறம் நின்னதில்ல." அதற்கும் கைதட்டல். கோதண்டராமனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சரோஜா கை சிவக்கத் தட்டினாள்.

"கொஞ்சம் மெதுவா தட்டேன்" என்றார் முனிரத்தினம்.

"உனுக்கு இன்னா போவுது? உன் கையா வலிக்குது?"

கை வலிக்கவில்லை. மேடையில் மோதிரம் போட்ட அந்த விரல் மைக்கைத் தட்டிப் பார்த்த ஒவ்வொரு தட்டும் இவர் மண்டையில் விழுந்தது. விருந்தில் வடை இரண்டாவது முறை கொண்டுவந்தபோது வேண்டாம் என்று கையை மறித்தார் என்றால் அவர் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

விழா முடிந்த சில நாளில் அந்த அதிசயம் நடந்தது. ஒரு லோடு வண்டி சந்துக்குள் வந்து, முனிரத்தினத்தின் வீட்டு வாசலில் சிமென்ட் மூடிகளை இறக்கியது. பேப்பரில் ஒரு வரி வரவில்லை. வாரியத்தில் எப்போதோ யாரோ போட்ட கையெழுத்து, ஊர்ந்து ஊர்ந்து அன்றைக்குப் பென்னலூருக்கு வந்து சேர்ந்திருந்தது. மேஸ்திரி சுடலைக்கண்ணு கடப்பாரையோடு குழியருகே குந்தினான்.

முனிரத்தினம் மூடியைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டைப் பார்த்தார். கோதண்டராமன் கேட்டருகே லுங்கியோடு நின்று மூடிகளையே வெறித்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் பேனா. முனிரத்தினத்துக்குப் பகீர் என்றது.

"மேஸ்திரி! நிறுத்துப்பா!"

"இன்னும் தொடங்கவே இல்லியே சார்."

"தொடங்காத. இன்னிக்கு வேணாம். நான் கடிதம் குடுக்கணும், அது பேப்பர்ல வரணும், அப்புறமா வந்து போடு."

சுடலைக்கண்ணு பதினாறு ஊர்த் தண்ணீர் குடித்தவன். எதற்கும் ஆச்சரியப்படாமல் நெல்லையப்பனுக்குப் போன் போட்டான். "ரொம்பச் சரி. விதி தெரிஞ்ச மனுஷன். கும்பிட்டேன்னு சொல்லு" என்று பதில் வந்தது. மேஸ்திரி கடப்பாரையை அங்கேயே சாத்திவிட்டுப் போனான். மூடிகள் ஒரு பக்கமும் குழி ஒரு பக்கமுமாகக் கிடந்தன.

முனிரத்தினம் பஸ் பிடித்து ஓடினார். பிரியாணிக் கடையின் படியில் ஏறும்போது, கோதண்டராமன் மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். பைக் வைத்திருப்பவனோடு யார் போட்டி போடுவது?

இரண்டு கடிதம், ஒரு குழி. தினத்தாரையின் சரித்திரத்தில் இப்படி ஒரு சிக்கல் வந்ததில்லை. குழி என் வாசலில் இருக்கிறது, அதனால் எனக்கே என்றார் முனிரத்தினம். குழி அவர் வாசலில் இருந்தாலும், ஜன்னலிலிருந்து தினமும் அதைப் பார்த்து வேதனைப்படுவது நான்தான் என்றார் கோதண்டராமன். ஆசிரியர் குழு கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. வாசலில் மூடிகள் மேல் கோழி ஏறி நின்றது. ஒரு திங்கட்கிழமையும் போயிற்று. கடைசியில், புது வாசகரை ஊக்குவிக்கும் பொருட்டு முனிரத்தினத்துக்கே குழி வழங்கப்படுவதாகத் தீர்ப்பானது. வரும் திங்களன்று கடிதம். ஞாயிற்றுக்கிழமை படம் பிடிக்க வருவார்கள். முனிரத்தினம் ஆள்காட்டி விரலுக்கு எண்ணெய் தேய்த்து, நகம் வெட்டிக்கொண்டார். பத்மா நகைக்கடையில் ஒரு கவரிங் மோதிரமும் வாங்கினார்.

சனிக்கிழமை விடியற்காலை ஹாரன் அடித்தது. பின்னாலேயே ஒரு அலறல்.

முன்பெல்லாம் சரோஜாவுக்குத் தாண்டக் கால் வைக்க இடமிருந்தது. இப்போது அந்த இடத்தில் மூடிகளை அடுக்கியிருந்தார்கள். முனிரத்தினம் ஓடிவந்தபோது அவளுடைய ஒரு கால் குழிக்குள் இருந்தது. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் வழன்று ரத்தம் கொட்டியது. பஸ்ஸிலிருந்து பெண்கள் குதித்து இறங்கி அவளைத் தூக்கினார்கள். மண்ணூர் அமலாதான் முதலில் வாயைத் திறந்தாள். சரோஜாவோடு கேன்டீனில் வேலை செய்பவள்.

"இன்னாண்ணா இது! மூடி இங்கியே கீது, கடப்பாரையும் கீது. இன்னா அழகு பாக்கறதுக்கா வெச்சிகினு கீறீங்க?"

கடிதம் என்று சொல்ல முனிரத்தினம் வாயெடுத்தார். சரோஜாவின் முகத்தைப் பார்த்தார்.

அமலா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டிரைவர் திருமலை பஸ்ஸைத் திருப்பி வெளிச்சம் அடித்தார். இரண்டு பேர் கடப்பாரை போட்டு நெம்ப, மற்றவர்கள் பிடித்துத் தள்ள, மூடி 'டொம்' என்று குழி மேல் உட்கார்ந்தது. பிறகு பஸ் போய்விட்டது. பத்திரிகையும் வாரியமும் சேர்ந்து செய்யாத வேலை, ஷிப்டுக்கு லேட்டாகாமல் முடிந்தது.

காலில் தையல் போட்டுக் கூட்டி வந்தார். சரோஜா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மேஸ்திரிய நீதான் திருப்பி அனுப்பினியாமே? எதிர்வூட்டு அக்கா சொன்னாங்க."

முனிரத்தினம் கவரிங் மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். ராஜசேகர், போட்டோகிராபர், நெல்லையப்பன், மேஸ்திரி. சும்மா வேடிக்கை பார்க்கக் கோதண்டராமனும். குழியைக் காணோம். ராஜசேகருக்கு முகம் செத்துவிட்டது.

"சார், பக்கம் ரெடி. உங்க பேரு தடிச்ச எழுத்துல அச்சு கோத்தாச்சு. குழி எங்க?"

"எங்க அனுமதி இல்லாம மூடியிருக்காவ" என்றார் நெல்லையப்பன், வருத்தத்தோடு. "பரவால்ல. தூக்கிருவோம். போட்டோ எடுங்க, நாளைக்குப் பேப்பர் வரட்டும், வெட்டி ஒட்டி மேல அனுப்புதோம், அப்புறம் முறைப்படி மூடிருவோம். ஒரு பத்து நாளுதான். சுடலைக்கண்ணு, நெம்புடே."

சுடலைக்கண்ணு கடப்பாரையை வைத்தான். முனிரத்தினம் வீட்டுக்குள் போனார். விரலுக்குப் பவுடர் போடப் போகிறார் என்று ராஜசேகர் நினைத்தார். பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார். அதை மூடியின் நட்டநடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எழுந்திருங்க சார், வெளிச்சம் போவுது. உங்க பேரு வரும் சார்!"

"வேணாம்."

"தடிச்ச எழுத்துல சார்!"

அதைக் கேட்டதும் ஒரு கணம் ஆடித்தான் போனார். பொய் சொல்வானேன், பாதி எழுந்தேவிட்டார். அப்போது உள்ளேயிருந்து சரோஜா காலை நகர்த்தி "அம்மா" என்று முனகுவது கேட்டது. மறுபடி தொப்பென்று உட்கார்ந்தார்.

"பத்து நாளு தொறந்து வெப்பீங்க, அவ எந்தக் கால வெச்சி தாண்டுவா? பேரும் வேணாம், விரலும் வேணாம். போங்கய்யா எல்லாரும்!" என்று முகம் சிவக்க எழுந்து, சந்து முனையை நோக்கிக் கையை முழுசாக நீட்டினார்.

போட்டோகிராபர் பழக்கதோஷத்தில் அமுக்கிவிட்டான்.

திங்கட்கிழமை ஊர்க்குரலில் கோதண்டராமனின் கடிதம் வந்தது. 'வடிகால் பணிக்கு இடையூறு செய்யும் நபர். வாகன ஓட்டிகள் அவதி, சமூக ஆர்வலர்கள் வேதனை. நடவடிக்கை எடுப்பார்களா?' குற்றவாளி என்பதால் முகம் போடத் தடையில்லை. முனிரத்தினத்தின் படம் இரண்டு பத்தி அகலத்தில், நாற்காலி, மூடி, மீசை, நீட்டிய விரல் என்று பளிச்சென்று வந்திருந்தது. எதிரொலிப் பிரிவு வெட்டியது, ஒட்டியது. நெல்லையப்பன் நேரில் வந்து, "கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி, விதி" என்று ஒரு எச்சரிக்கை நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காபி குடித்துப் போனார். மறுவாரம் 'செய்தி எதிரொலி: பென்னலூர் கால்வாய் மூடப்பட்டது' என்று கொட்டை எழுத்து.

சூப்பர்வைசர் "வாங்க சார், படம் பிரமாதம்" என்றார். கடிதத்தை யார் படிக்கிறார்கள்? கேன்டீனில் முதல் டீ முனிரத்தினத்துக்கு வந்தது. ஆடை இல்லை.

சரோஜா மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்று, விடியுமுன்பே வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. கோதண்டராமன். கையில் அந்தப் பழைய பேப்பர். முகம் வாடியிருந்தது.

"முனி, இத்தினி வருஷமா எழுதறேன். என் மூஞ்சி ஒரு தபா வந்ததில்லடா. ஒத்த விரலு, அதுவும் ஒரு பத்தியிலதான். உன் கடிதம் ஒரு வரி வரல, நீ ரெண்டு பத்தில வந்து உக்காந்துக்கின. உன்னப் பத்தி எழுதறப்போ எனுக்குக் கையே ஓடலடா." நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். "படம் வந்ததுலருந்து சாப்பாடு எறங்கல. வாயுன்றாரு டாக்டரு."

முனிரத்தினம் உள்ளே போய்த் தன் மாத்திரை அட்டையை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார். இனி அது முனிரத்தினத்துக்கு வேண்டியிருக்கவில்லை.

முனையில் ஹாரன் கேட்டது. சரோஜா விந்தி விந்தி வந்து, மூடியின் மேல் நின்ற இருவரையும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் அப்பால வந்து அழுங்க. வழிய வுடுங்க, வண்டி வந்துடுச்சி."